டிக்டாக்குக்குத் தலைப்புச் செய்தி, ரீல்ஸுக்கு அறிவுரை

கேள்வி: மதுரையில் வீட்டோடு சேர்த்துச் சின்னதாகத் தையல் கடை நடத்துகிறேன். ஆரி வேலை செய்த கல்யாண பிளவுஸ்தான் முக்கியத் தொழில். 2019இல் டிக்டாக்கில் வீடியோ போட்டுத்தான் வெளியூர் ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. அப்போது பேப்பரைத் திறந்தாலே டிக்டாக் பற்றித்தான் இருக்கும். கலாசாரச் சீரழிவு என்பார்கள், சீன உளவு என்பார்கள். 2020இல் ஒரே ராத்திரியில் அது போய்விட்டது. இப்போது அதே வீடியோக்களை இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். அதே பாட்டு, அதே ஆட்டம், அதே வக்கிர கமெண்ட். ஆனால் பேப்பரில் அந்த அளவுக்குச் சத்தம் இல்லை. என் கொழுந்தனாரோ, "அமெரிக்காக்காரனும் திருடன்தான் அண்ணி, எல்லாத்தையும் அரட்டை மாதிரி நம்ம ஊர் ஆப்புக்கு மாத்திடுங்க" என்கிறார். நம் நாட்டுச் செயலிகளைப் பற்றியோ நல்ல செய்தி மட்டும்தான் கண்ணில் படுகிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதானா? யாரை நம்புவது?
- வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரி,

மண்குடம் பொன்குடம் கதையேதான். இதில் மாமியார் யார் என்பதுதான் கொஞ்சம் சிக்கல். பத்திரிகைதான் மாமியார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஒரு தமிழ் நாளிதழில், செய்திகளைத் தேர்ந்து திருத்தும் டெஸ்க்கில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பத்திரிகைக்குப் பாதி நேரம் அவ்வளவு திட்டமெல்லாம் கிடையாது. செய்தியைத் தயாராகக் கையில் கொண்டுவந்து கொடுப்பவர் யாரோ, அவருடைய செய்தி பக்கத்தில் ஏறும்.

டிக்டாக் விவகாரத்தையே பாருங்கள். உங்கள் ஊருக்கும் அதில் பங்கு உண்டு. 2019 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் எம்எல்ஏ தமிமுன் அன்சாரி டிக்டாக்கைத் தடை செய்யக் கோரினார். அப்போது தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சராக இருந்த மணிகண்டன், மத்திய அரசிடம் வலியுறுத்துவோம் என்றார். ஏப்ரல் 3ஆம் தேதி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அந்தச் செயலியை யாரும் தரவிறக்கம் செய்ய முடியாதபடி தடை செய்யச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவு போட்டது. டிக்டாக் வீடியோக்களை ஊடகங்கள் ஒளிபரப்பக் கூடாது என்றும் சொன்னது. கூகுளும் ஆப்பிளும் செயலியைத் தூக்கின. ஏப்ரல் 24ஆம் தேதி அதே மதுரைக் கிளை தடையை விலக்கிக்கொண்டது.

இப்படி ஒரு வரிசை அமைந்தால் டெஸ்க்குக்கு வேலை சுலபம். சொல்ல அமைச்சர் இருக்கிறார், நீதிபதி இருக்கிறார், செய்திக்கு நாமாக ஒன்றும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அதன் பிறகு மாவட்டங்களிலிருந்து வரும் துண்டுச் செய்தியில் டிக்டாக் என்ற பெயர் இருந்தால் போதும், உள்பக்கத்தில் இரண்டு பத்தியாகப் போக வேண்டியது முதல் பக்கத்தில் பாக்ஸ் கட்டி வரும். கணவன் மனைவி தகராறு, ஓடும் ரயிலில் சாகசம், காவல் நிலையத்தில் நின்று பாட்டு. அந்தச் சம்பவத்துக்கும் செயலிக்கும் உண்மையில் எவ்வளவு சம்பந்தம் என்று நாங்கள் யாரும் உட்கார்ந்து அளந்ததில்லை.

2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை வந்தது. அப்போது இங்கே அதற்குச் சுமார் 20 கோடிப் பயனர்கள். ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்துவிட்டது. நடுவில் ஒன்பதே நாள்! நீங்கள் டிக்டாக்கில் செய்ததையெல்லாம் அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் செய்ய இடம் தயார்.

ரீல்ஸ் பற்றிக் கெட்ட செய்தியே வருவதில்லை என்று சொல்ல முடியாது. 'ரீல்ஸ் மோகத்தில் இளைஞர் பலி' என்று நீங்களும் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தச் செய்தியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது யார் என்று பாருங்கள். டிக்டாக் காலத்தில் செயலி நின்றது. இப்போது அந்தப் பையன் நிற்கிறான், அவனைப் பெற்றவர்கள் நிற்கிறார்கள். அன்றைக்குச் செய்தியின் கடைசிப் பத்தி 'தடை செய்ய வேண்டும்' என்று முடிந்தது. இன்றைக்கு 'பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும்' என்று முடிகிறது. இந்த வீடியோவை லட்சம் பேர் முகத்தில் ஏன் கொண்டுபோய்த் தள்ளினீர்கள் என்று, இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டாவைக் கேட்கும் வரி அதில் இருக்காது. கேட்க நினைத்தாலும் மாவட்ட நிருபர் யாருக்குப் போன் செய்வார் என்பது வேறு பிரச்சினை.

நம் ஊர்ச் செய்திகளைப் பொறுத்தவரை வெளிநாடு என்றால் சீனாதான், சகோதரி. அமெரிக்கா அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. ஃபேஸ்புக் இந்தியாவில் எப்படி நடந்துகொள்கிறது என்ற பெரிய செய்திகள் எங்கிருந்து வந்தன? அப்போது தெலங்கானா பாஜக எம்எல்ஏவாக இருந்த ராஜா சிங்கின் வெறுப்புப் பேச்சு மீது நடவடிக்கை எடுக்க அந்த நிறுவனத்தின் இந்தியக் கொள்கைத் தலைவர் அங்கி தாஸ் எதிர்ப்புத் தெரிவித்தார் என்று 2020 ஆகஸ்டில் எழுதியது அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல். அதன் பிறகுதான் இங்கே எல்லோரும் எழுதினோம். ராஜா சிங் செப்டம்பரில் ஃபேஸ்புக்கிலிருந்து நீக்கப்பட்டார், அங்கி தாஸ் அக்டோபரில் வெளியேறினார். இன்னொன்று. 2019 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கின் ஆய்வாளர் ஒருவர் கேரளத்தில் வசிப்பவர் என்ற பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கினார். ஃபேஸ்புக் எதைப் பரிந்துரைக்கிறதோ அதையே பின்தொடர்ந்து போனார். மூன்றே வாரத்தில் வெறுப்பும் பொய்யும் பிணங்களின் படங்களுமாக அந்தப் பக்கம் நிறைந்துவிட்டது. இது அவர்களே எழுதி வைத்த உள் அறிக்கை. 2021இல் அந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் கொண்டுவந்த ஆவணங்களோடு சேர்ந்து, நியூயார்க் டைம்ஸ் வழியாக வெளியே வந்தது. பக்கத்து மாநிலத்தின் பெயரால் நடந்த சோதனை நமக்குத் தெரிய நியூயார்க்கைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

அப்புறம் முதலாளி விஷயம். டிக்டாக் விட்ட இடத்தைப் பிடிக்க வந்தவற்றில் எம்எக்ஸ் டகாடக் என்று ஒன்று, ஜோஷ் என்று ஒன்று. டகாடக்கை நடத்திய எம்எக்ஸ் பிளேயர் அப்போது டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் டைம்ஸ் இன்டர்நெட் கையில் இருந்தது. ஜோஷ், டெய்லிஹன்ட்டை நடத்தும் அதே நிறுவனத்துடையது. பல பத்திரிகைகளின் செய்தி வாசகரின் போனுக்குப் போகும் வழிகளில் டெய்லிஹன்ட்டும் ஒன்று. ஃபேஸ்புக் சங்கதி இன்னும் பெரிது. டிக்டாக் தடைக்கு இரண்டு மாதம் முன்பு, 2020 ஏப்ரலில், ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 43,574 கோடி ரூபாய் போட்டு 9.99 சதவீதப் பங்கு வாங்கியது. ஜியோவின் தாய் நிறுவனமான ரிலையன்ஸ்தான் நெட்வொர்க்18 செய்தித் தொலைக்காட்சிகளின் உரிமையாளர்.

யாரோ போன் போட்டு 'எழுதாதே' என்று மிரட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி மிரட்ட வேண்டிய அவசியமே வராது. தன் குழுமத்தின் செயலியை மூன்று மாதம் தோண்டிப் பார் என்று எந்த ஆசிரியரும் ஒரு நிருபருக்கு வேலை கொடுக்க மாட்டார், அவ்வளவுதான். உள்நாட்டுச் செயலி பற்றிய செய்தி வணிகப் பக்கத்துக்குப் போய்விடும். அந்தப் பக்கத்தில் கேட்கும் கேள்விகள் வேறு. எவ்வளவு முதலீடு வந்தது, எத்தனை தரவிறக்கம், அடுத்து எந்த மொழி. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் வீடியோவின் கீழே தமிழில் எழுதப்படும் அசிங்கத்தைப் படித்து நீக்க அவர்களிடம் எத்தனை தமிழ் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்ற கேள்வி அந்தப் பக்கத்தில் வராது.

உள்நாடு என்பதும் உங்கள் கொழுந்தனார் நினைக்கிற அளவுக்குச் சுத்தமான விஷயம் இல்லை. டெய்லிஹன்ட்டில் 2016இல் பணம் போட்டவர்களில் டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸும் உண்டு. மோஜ் செயலியை நடத்தும் ஷேர்சாட்டில் சீனப் போன் நிறுவனமான ஷாவ்மி பணம் போட்டிருந்தது. மித்ரோன் கதை இன்னும் வேடிக்கை. 2020 மே மாதம் 'ஐஐடி மாணவர் செய்த இந்திய டிக்டாக்' என்று அதைக் கொண்டாடினார்கள். ஒரு மாத அளவில் 50 லட்சம் தரவிறக்கம். கடைசியில் பார்த்தால் அதன் நிரல் பாகிஸ்தானைச் சேர்ந்த கியூபாக்ஸஸ் என்ற நிறுவனம் இணையத்தில் 34 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்த ரெடிமேட் சரக்கு. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 2,500 ரூபாய். நீங்கள் ஒரு கல்யாண பிளவுஸுக்கு அதைவிட அதிகம் வாங்குவீர்கள் என்று நினைக்கிறேன். காசு கொடுத்து நிரல் வாங்குவது குற்றம் இல்லை. அதை வாங்கி மேலே பெயர் ஒட்டியதுதான் சாதனை என்று சரிபார்க்காமல் எழுதினோமே, அது நம் துறையின் லட்சணம். இதை வெளியே கொண்டுவந்ததும் ஓர் இந்தியச் செய்தி நிறுவனம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ட்விட்டருக்கு இந்தியப் போட்டியாக வந்த கூ செயலிக்கும் இதேதான் நடந்தது. 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டத்தை ஒட்டி அரசுக்கும் ட்விட்டருக்கும் முட்டிக்கொண்டபோது, மத்திய அமைச்சர்களே கூவுக்கு வரச் சொல்லி அழைத்தார்கள். பக்கம் பக்கமாகச் செய்தி. அந்த நாட்களிலேயே பிரான்ஸைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், பயனர்களின் மின்னஞ்சல், பிறந்த தேதி போன்றவை வெளியே தெரிகின்றன என்று காட்டினார். பயனர்கள் தாங்களாக வெளியிட்டவைதான் அவை என்றது நிறுவனம். யார் சொன்னது சரி என்று சோதித்துப் பார்த்து எழுதியவர்கள் எத்தனை பேர்? 2024 ஜூலையில் கூ மூடப்பட்டது.

சரி, இது நம் நாட்டு நோய் மட்டும்தானா? இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அமெரிக்காவின் இரண்டு வாசகர் கடிதங்கள். 2022 மார்ச்சில் டென்வர் போஸ்ட் நாளிதழில் ஒரு கடிதம். புதிதாகப் பெற்றோரான ஒருவர், டிக்டாக் குழந்தைகளின் மனநலத்தைக் கெடுக்கிறது, நம் பிள்ளைகளின் விவரங்களைச் சீனா திரட்டுகிறது என்று பலர் சந்தேகிக்கிறார்கள் என்று கவலைப்பட்டு எழுதியிருந்தார். அதே நாள் அயோவா மாநிலத்தின் டெ மொய்ன் ரெஜிஸ்டரிலும் கிட்டத்தட்ட அதே சங்கதியோடு ஒரு கடிதம், கீழே உள்ளூர் அரசியல் பிரமுகர் ஒருவரின் பெயர். மாத இறுதியில் வாஷிங்டன் போஸ்ட் உண்மையை எழுதியது. இரண்டுக்கும் பின்னால் இருந்தது டார்கெட்டட் விக்டரி என்ற அரசியல் ஆலோசனை நிறுவனம். அதற்குக் காசு கொடுத்தது ஃபேஸ்புக்கின் மெட்டா. கடிதங்களில் மெட்டாவின் பெயரே இல்லை.

அதே நிறுவனம் உள்ளூர் நிருபர்களிடம் 'டிக்டாக்கில் ஆசிரியரை அறையும் சவால்' என்ற செய்தியையும் பரப்பியது. டிக்டாக்கில் அப்படி ஒரு சவாலே இருந்ததில்லை. அந்த வதந்தி கிளம்பிய இடம் ஃபேஸ்புக்! மெட்டா இதற்குச் சொன்ன பதில், வளர்ச்சிக்கு ஏற்ற அளவு கண்காணிப்பு எல்லாத் தளங்களுக்கும் வேண்டும், டிக்டாக்குக்கும் வேண்டும் என்பது. வாக்கியமாகப் பார்த்தால் மறுக்க ஒன்றுமில்லை. பத்திரிகைக்கு வரும் கவலைக் கடிதத்தைக்கூட யார் எழுதச் சொன்னார்கள் என்று கேட்க வேண்டிய காலம் இது. (உங்கள் கடிதத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. கொழுந்தனாரை யாரும் காசு கொடுத்துக் கண்டுபிடிக்க முடியாது.)

இதை வைத்து டிக்டாக் பாவம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே தகவல் எப்படிக் கசிகிறது என்று கண்டுபிடிக்க, பைட்டான்ஸ் ஊழியர்கள் சிலர் பத்திரிகையாளர்களின் கணக்கு விவரங்களைத் தோண்டி அவர்கள் இருந்த இடத்தைக் கண்காணிக்கப் பார்த்தார்கள். 2022 டிசம்பரில் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டு நான்கு பேரை வெளியேற்றியது. ஆக, பயம் வெறும் கற்பனை இல்லை. டிக்டாக்கிடம் கேட்ட கேள்விகள் சரியானவை. அவற்றை மற்றவர்களிடம் கேட்காமல் விட்டதுதான் என் புகார்.

இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய நிறுவனத்தைத் தாக்கி எழுதுவதாலேயே அது ஆய்வு ஆகிவிடாது. 2022 அக்டோபரில் தி வயர் இணைய இதழ் மெட்டாவைப் பற்றிப் பரபரப்பான ஒரு தொடர் செய்தியை வெளியிட்டது. ஆதாரமாகக் காட்டிய ஆவணங்கள் நிற்கவில்லை. செய்தியைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. அப்படி ஒன்று நடந்தால் அடுத்த நிருபர் உண்மையான ஆவணத்தோடு வந்தாலும் ஆசிரியர் நான்கு தடவை யோசிப்பார்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், யாரை நம்புவது. எந்த நாட்டுச் செயலியையும் நம்ப வேண்டியதில்லை, உபயோகித்தால் போதும். செயலி பற்றி ஒரு செய்தி படித்தால் பெயரை மாற்றிப் போட்டு இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'உங்கள் தகவல் வெளிநாட்டுக்குப் போகிறது' என்ற வரியில் டிக்டாக்கை எடுத்துவிட்டு இன்ஸ்டாகிராமைப் போடுங்கள், அப்படியே பொருந்தும். 'அந்த நாட்டு அரசு கேட்டால் நிறுவனம் கொடுத்தாக வேண்டும்' என்ற வரியையும் மாற்றிப் பாருங்கள். சீனாவுக்கு 2017ஆம் ஆண்டின் தேசிய உளவுச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702ஆம் பிரிவு இருக்கிறது. நம் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தர வழி வைத்திருக்கிறது. செய்தி தடைபட்ட செயலியைப் பற்றியதாக இருந்தால், தடையால் யாருக்கு வியாபாரம் கூடியது என்ற பத்தி இருக்கிறதா என்றும் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது.

கொழுந்தனாருக்கு என் பதில் இது. அரட்டை நல்ல முயற்சி, அதை உருவாக்கிய ஜோஹோ நிஜமாகவே இங்கே வேலை நடத்தும் நிறுவனம். 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர்கள் பரிந்துரைத்ததும் மூன்றே நாளில் தினசரிச் சேர்க்கை 3,000 என்பதிலிருந்து 3.5 லட்சத்துக்குப் போனது என்றார் ஜோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு. அந்தக் கொண்டாட்டச் செய்திகளில் பலவற்றில் ஒரு விஷயம் கடைசிப் பத்திக்குப் போயிருந்தது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத முழு மறையாக்கம் அப்போது அதன் அழைப்புகளுக்கு இருந்தது, சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. நிறுவனம் இதை மறைக்கவில்லை, செய்து தருகிறோம் என்றது. இன்றைய நிலையைச் செயலியின் அமைப்புகளுக்குள் போய் அவரே பார்த்துச் சொல்லட்டும். வாட்ஸ்அப்பில் அந்த வசதி இல்லாமல் போயிருந்தால் முதல் பக்கத்தில் படித்திருப்போம்.

ஒரு விதி எல்லோருக்கும் பொதுவானது. 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள சமூக ஊடகம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும், மாதாமாதம் எத்தனை புகார் வந்தது, என்ன செய்தோம் என்று அறிக்கை வெளியிட வேண்டும். ரீல்ஸ் வீடியோக்களின் கீழே வரும் வக்கிர கமெண்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த அதிகாரிக்கு அனுப்புங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம், 2023 முதல் அது இயங்குகிறது. உள்நாட்டுச் செயலியில் கடை திறந்தால் முதல் வேலையாக அதன் குறைதீர் அதிகாரியின் பெயரும் முகவரியும் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் கிடைக்கிறது என்பதே பாதி விடை. பிளே ஸ்டோரில் 'தரவுப் பாதுகாப்பு' என்று இருக்கும் பகுதியை ரொம்ப நம்பாதீர்கள், அது செயலியை உருவாக்கியவர்களே எழுதிக் கொடுப்பது.

கடைக்காகச் சிலது. எந்தச் செயலி போனில் இருக்கும் எண்களைப் பார்க்க அனுமதி கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவை உங்கள் வாடிக்கையாளர்களின் எண்கள், கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. மணப்பெண்ணின் முகம் தெரியும் படத்தை அவரைக் கேட்காமல் போட வேண்டாம், பொம்மைக்குப் போட்டு எடுத்தாலே வேலைப்பாடு நன்றாகத் தெரியும். எடுக்கும் வீடியோவின் அசலை ஒரு ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வையுங்கள். சீனச் செயலி ஒரே ராத்திரியில் போனதை நீங்களே பார்த்தீர்கள், உள்நாட்டுச் செயலியான கூவும் மூடிவிட்டுத்தான் போனது. மறுபடி ஒன்று போனால் உங்களிடம் வீடியோவும் இருக்க வேண்டும், ஆட்களின் எண்ணும் இருக்க வேண்டும். முகூர்த்த மாத ஆர்டர், அளவு, வாங்கிய அட்வான்ஸ் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அரட்டையில் ஒரு கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள், கொழுந்தனாருக்கும் திருப்தி. வாட்ஸ்அப்பை இப்போதைக்கு மூட வேண்டாம், திருமங்கலத்திலிருந்து வரும் வாடிக்கையாளர் இன்னும் அதில்தானே அளவு அனுப்புகிறார்.